டிகாஷனின் வயது

எங்கள் தெருமுனைக் கடையில் காலை ஐந்தேகாலுக்கு முதல் டீ விழும். அதற்குள் பாய்லரில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். முந்தின இரவு அலசி ஆணியில் மாட்டிய வடிகட்டிப் பையை மாஸ்டர் எடுத்து, கொதிநீரில் ஒருமுறை நனைத்துப் பிழிவார். கம்பி வளையத்தில் கோத்துத் தைத்த காடாத் துணிப் பை. வெள்ளையாக வாங்கியது, இன்று செங்காவி நிறம். அதில் புதுத் தூளைக் கொட்டிக் கொதிநீரை ஊற்றுவார். தூள் உப்பி மேலே எழும். அப்போது கிளம்பும் வாசனை எதிர்ச்சாரி பஸ் நிறுத்தம் வரை போகும். கீழே செம்பில் இறங்கிய சாயத்தை மறுபடியும் ஒரே ஒரு முறை பைக்குள் ஊற்றி இறக்குவார். கிளாஸில் சர்க்கரை, அதன்மேல் பால், அதன்மேல் டிகாஷன். இரண்டு இழுப்பு ஆற்றிக் கையில் கொடுக்கும்போது டீ புதுச் செங்கல்லின் நிறத்தில் இருக்கும். குடித்த பிறகும் கொஞ்ச நேரம் வாயில் ஒரு தெளிவு நிற்கும்.

அதே கடை, அதே மாஸ்டர், அதே தூள். மாலை நாலரைக்குப் போனால் வேறு டீ. பையில் காலையில் போட்ட தூளின்மேல் மூன்று நான்கு அடுக்கு ஏறியிருக்கும். டிகாஷன் செம்பு பாய்லர் சூட்டிலேயே பகலெல்லாம் உட்கார்ந்திருக்கும். டீயின் நிறம் செங்கல்லிலிருந்து சேற்றுக்கு இறங்கியிருக்கும். நாக்கின் இரண்டு ஓரத்தையும் பிடித்து இழுக்கும். வாசனை என்று ஒன்று இருக்காது. பாலும் சர்க்கரையும்தான் அந்த கிளாஸைக் காப்பாற்றும்.

நல்ல டீ எது என்று நாம் பேசாத நாளில்லை. எந்தக் கம்பெனித் தூள், பசும்பாலா பாக்கெட் பாலா, இஞ்சியா ஏலக்காயா, கொதிக்கவிட வேண்டுமா ஊறவிட வேண்டுமா என்று வாதம் நீளும். இந்த டிகாஷன் இறங்கி எத்தனை நேரம் ஆயிற்று என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இருபது வருஷமாகக் கடைகளிலும் வீட்டிலும் டீயைக் கவனித்துக் குடித்ததில் எனக்குப் படுவது, மற்ற கேள்விகள் எல்லாம் இதற்குப் பின்னால்தான் வரவேண்டும் என்பது. நம் டீக்கடை முறை மட்டமானது என்று சொல்கிற கூட்டம் ஒன்று உண்டு. முறையில் குறை இல்லை; அதைப் பகல் முழுக்க இழுப்பதில்தான் குறை இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ளத் தூளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இலையை உருட்டிச் சுருட்டிக் காயவைப்பது பழைய முறை. அதை ஆர்தோடாக்ஸ் என்பார்கள். 1930களில் அசாமில் இன்னொரு முறை வந்தது. பல் வெட்டிய இரண்டு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் எதிரெதிராகச் சுழலும். நடுவில் விழும் இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு குறுணையாக வெளியே வரும். அந்த மூன்று செயலின் ஆங்கில முதலெழுத்துகள்தான் சி.டி.சி. இன்று நீலகிரியில் அரைபடும் இலையில் பெரும்பகுதி இந்த வழியில்தான் போகிறது. அதைச் சலிக்கும்போது கடைசியாக நிற்கும் பொடிக்கு டஸ்ட் என்று பெயர். நம் டீக்கடைகளும் பெரும்பாலான வீடுகளும் வாங்குவது அந்த டஸ்டைத்தான். டஸ்ட் என்றதும் கழிவு என்று நினைத்துவிடக் கூடாது. அது ஒரு தரப் பிரிவின் பெயர், அவ்வளவே. அதிலும் நல்லதும் உண்டு, மட்டமும் உண்டு.

முழு இலையைக் கொதிநீரில் போட்டால் சாரம் மெல்ல இறங்கும். பொடியில் தண்ணீர் தொடும் பரப்பு பல மடங்கு அதிகம் என்பதால், இரண்டு மூன்று நிமிடத்தில் தர வேண்டியதில் பெரும்பகுதியைத் தந்துவிடும். வெள்ளைக்காரர் பாணியில் பீங்கான் கெட்டிலில் போட்டு மூடி வைக்கும் முறை இலைக்காகப் பிறந்தது. டஸ்டை அதில் போட்டால் சல்லடை அடைத்துக்கொள்ளும், கோப்பையின் அடியில் மண்டி நிற்கும். மெல்லிய பொடியை வடிகட்டத் துணியைவிட நல்ல கருவி கிடையாது. கொதிநீரைத் துணிப்பை வழியாக இறக்கும்போது தூளின் ஒவ்வொரு குறுணையையும் புதுத் தண்ணீர் தொட்டுக்கொண்டு போகிறது. சாரம் வேகமாகவும் சீராகவும் இறங்குகிறது. பெயர் தெரியாத எந்த மாஸ்டரோ, எந்தத் துறைமுகத்துக் கடையிலோ கண்டுபிடித்த இந்த ஏற்பாடு டஸ்டுக்கென்றே செய்தது போல அத்தனை பொருத்தம்.

டீ போடுவதற்கு உலக அளவில் ஒரு தரமே உண்டு. 1980இல் வந்த ஐ.எஸ்.ஓ. 3103. நூறு மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, கொதிநீர், மூடி போட்டு 6 நிமிடம். பால் சேர்ப்பதானால் கிண்ணத்தில் முதலில் பால், அதன்மேல் சாயம் என்று அது சொல்கிறது. நம் மாஸ்டர் கிளாஸில் பாலை முதலில் ஊற்றுவதும் அதே வரிசைதான். ஆனால் அந்தத் தரம் ருசியான டீக்காக எழுதப்பட்டதல்ல. நூறு மாதிரிகளை வரிசையாக வைத்து ருசி பார்க்கிறவருக்கு, ஒவ்வொன்றும் ஒரே மாதிரி போடப்பட்டிருக்க வேண்டும். குறை இருந்தால் மறையாமல் வெளியே தெரிய வேண்டும். அது ஒரு அளவுகோல். அதை வீட்டு அடுப்புக்குச் சட்டமாகச் சொல்கிறவர்கள் அதன் நோக்கத்தைப் பார்க்கவில்லை. அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. ஊறும் நேரத்துக்கு அது ஒரு முடிவு வைத்திருக்கிறது. ஆறு நிமிடம் ஆனதும் சாயம் இலையைவிட்டுப் பிரிந்துவிட வேண்டும்.

நம் பையில் அந்தப் பிரிவு நடப்பதே இல்லை. செம்புக்குள் தொங்கும் பை டிகாஷனிலேயே மூழ்கிக் கிடக்கிறது. தீரத் தீர மேலே கொஞ்சம் தூள், இன்னொரு கரண்டி தண்ணீர். சாரம் போன தூளிலிருந்து பிறகு இறங்குவது துவர்ப்பும் கசப்பும்தான். இறங்கிய சாயமும் சூட்டில் சும்மா இருப்பதில்லை. தேயிலைச் சாயத்துக்குப் பொன்னிறப் பிரகாசத்தையும் நாக்கில் ஒரு சுறுசுறுப்பையும் தருவது தியாஃப்ளேவின் என்ற சேர்மம். பழுப்பையும் கனத்தையும் தருவது தியாருபிஜின். சூட்டிலேயே நெடுநேரம் இருந்தால் முதலாவது சிதைந்து குறைந்துகொண்டே வரும், பழுப்பு மட்டும் மிஞ்சும். வாசனை தரும் எண்ணெய்ப் பொருள்கள் அதற்கும் முன்பே ஆவியாகிப் போயிருக்கும். நாலரை மணி டீயின் சேற்று நிறத்துக்கு வேறு ரகசியம் இல்லை.

ஒரு நாள் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் மாஸ்டரிடமே கேட்டேன். "மாஸ்டர், காலையில போடுற மாதிரி சாயந்திரமும் பையை மாத்திப் போட்டா என்ன?"

அவர் சிரிக்கவில்லை. யோசித்துத்தான் சொன்னார். "நாலு மணிக்கு வர்றவங்க கலர் கேக்குறாங்க சார். புதுசாப் போட்டுக் குடுத்தா, என்ன மாஸ்டர் இன்னிக்கு டீ லைட்டா இருக்கேங்குறாங்க. லோடு இறக்குற பசங்களுக்கு நாக்குல பிடிக்கணும். அப்பத்தான் டீ குடிச்ச மாதிரி இருக்கும்."

இது தட்டிக்கழிக்கிற பேச்சில்லை. வாடிக்கையாளரின் நாக்கு பல வருஷமாகப் பழகிப்போன ருசியை அவர் சொல்கிறார். இங்கேதான் 'ஸ்ட்ராங்' என்ற ஒரு சொல்லுக்குள் நாம் மூன்று சங்கதியைப் போட்டுக் குழப்பிவைத்திருக்கிறோம். ஒன்று திடம்: வாயை நிறைக்கிற, பாலை மீறி எழுகிற கனம். இன்னொன்று நிறம். மூன்றாவது கடுப்பு: நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு. திடம் வேண்டுமென்றால் தூளைக் கூட்டிப் போட வேண்டும், நேரத்தைக் கூட்டக் கூடாது. பழைய பையில் வருவது நிறமும் கடுப்பும் மட்டும். திடம் கேட்கிற லோடுமேனுக்குக் கடுப்பைக் கொடுத்து, அதைத்தான் அவர் கேட்டார் என்று நாமும் நம்பிவிட்டோம், அவரும் நம்பிவிட்டார்.

செலவுக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். தூள் கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டீக்கு 2.5 கிராம் போட்டால் கிலோவுக்கு 400 டீ. ஒரு டீக்குத் தூள் செலவு 75 காசு. பால் லிட்டர் 60 ரூபாய் என்றால், கிளாஸுக்கு 50 மில்லிக்கு 3 ரூபாய். பன்னிரண்டுக்கோ பதினைந்துக்கோ விற்கும் டீயில் பால் செலவில் நாலில் ஒரு பங்குதான் தூள். தூளை 3.5 கிராமாக உயர்த்தினாலும் கூடுதல் செலவு 30 காசு. ஆக, மாலை டீ மட்டமாவதற்குத் தூளின் விலை காரணமே இல்லை. பையைக் கொட்டி, அலசி, புதிதாகப் போட்டு இறக்க ஆகும் மூன்று நான்கு நிமிடம்தான் காரணம். ஒரே ஆள் டீ போட்டு, வடை எடுத்துக் கொடுத்து, சில்லறை பார்க்கிற கடையில் அந்த மூன்று நிமிடம் பெரிய செலவு. இதை உணராமல் மாஸ்டரைக் குறை சொல்வது நியாயமில்லை. ஒரு யோசனை மட்டும் சொன்னேன்: மந்தமான நேரத்துக்கு ஒரு சின்னப் பை. ஐம்பது கிராம் தூள், இருபது டீ. தீர்ந்ததும் கொட்டிவிட வேண்டியதுதான்.

துணிப்பையைப் பற்றி இன்னொரு கவலை சுத்தம். ஈரத்துணி ராத்திரி முழுக்கச் சுருண்டு கிடந்தால் மறுநாள் முதல் டீயிலேயே ஒரு புளித்த வாடை தெரியும். நன்றாக நடக்கிற கடைகளில் ராத்திரி கொதிநீரில் அலசி விரித்துக் காயப்போடுகிறார்கள். புதுப் பையையும் கஞ்சி வாடை போகக் கொதிக்கவைத்த பிறகே எடுக்கிறார்கள். சோப்பு போட்டுத் துவைத்த பை அதைவிடக் கெடுதல். இரண்டு நாளைக்கு டீயில் சோப்பு மணக்கும்.

ஆற்றுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கையில் குவளை, ஒரு கையில் கிளாஸ், நடுவில் ஒரு முழம் டீ. இதைக் கடைக்காரரின் கைவித்தை என்று ஒதுக்குகிறவர்களுக்கு அதன் பயன் தெரியவில்லை. சர்க்கரை கரைகிறது, பாலும் சாயமும் முழுக்கக் கலக்கின்றன, மேலே நுரை கட்டி உதட்டில் முதலில் படுவது மெத்தென்று இருக்கிறது. எல்லாவற்றையும்விட, கொதிக்கிற டீ சில நொடியில் குடிக்கிற சூட்டுக்கு வந்துவிடுகிறது. 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை வழக்கமாகக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று 2016இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. ஆற்றிக் கொடுக்கும் நம் பழக்கம் அந்த வகையில் உடம்புக்கும் நல்லது. அதற்கு ஒரு விலையும் உண்டு. ஒவ்வொரு இழுப்பிலும் கொஞ்சம் வாசனை காற்றோடு போகிறது. டஸ்டுக்கு இரண்டு மூன்று இழுப்பு சரி. நீலகிரியில் டிசம்பர், ஜனவரிப் பனியில் பறித்த இலையில் செய்த ஆர்தோடாக்ஸ் டீயை அப்படி ஆற்றினால், எதற்காகக் காசு கொடுத்து வாங்கினோமோ அதைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறோம்.

கடையின் குறை இப்படி என்றால், வீட்டின் குறை வேறு. எங்கள் வீட்டில் அம்மாவின் முறை எளிது. பால், தண்ணீர், தூள், சர்க்கரை நாலும் ஒரே பாத்திரத்தில். பொங்கி வரும், அடுப்பைக் குறைப்பார்; மறுபடி பொங்கும், மறுபடி குறைப்பார். ஆறேழு நிமிடம் இப்படி. நான் தண்ணீரில் தனியாகச் சாயம் இறக்கிப் பால் கலக்க ஆரம்பித்தபோது அவருக்குப் பிடிக்கவில்லை.

"பால்ல கொதிச்சாத்தாண்டா டீ. தண்ணியில முக்கி எடுத்தா அது கஷாயம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு அடுப்பிலும் வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் ஒரே தூள், ஆளுக்கு 3 கிராம். நான் நூறு மில்லி தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்துத் தூளைப் போட்டு மூன்று நிமிடம் மூடிவைத்தேன். வடித்து, காய்ச்சிய பால் ஐம்பது மில்லி சேர்த்தேன். அம்மா தன் வழியில் போட்டார். என் டீயின் வாசனை நன்றாக இருந்தது என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஒரு மடக்கு குடித்துவிட்டு, "மணமா இருக்கு. ஆனா நடுவுல ஒண்ணும் இல்லையே" என்றார். அவர் சொன்னது சரி. டஸ்டை ஊறவிட மட்டும் செய்தால் பாலுக்கு ஈடுகொடுக்கும் திடம் வருவதில்லை. அவருடைய டீயில் கனம் இருந்தது. கூடவே நெடுநேரம் காய்ந்த பாலின் வாடையும் இருந்தது; துவர்ப்பை மூடச் சர்க்கரை இன்னும் கொஞ்சம் தேவைப்பட்டது.

பாலோடு சேர்த்துக் கொதிக்கவைப்பதில் இருக்கிற சங்கடம் இதுதான். பாலில் சாயம் தண்ணீரில் இறங்குகிற வேகத்தில் இறங்காது. ஆகவே நேரத்தை நீட்டுகிறோம். பாலின் கேசின் புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களைப் பற்றிக்கொண்டு அவற்றை மழுக்குகிறது. இது பாலின் பெரிய உபகாரம். ஆனால் அந்த உபகாரத்துக்குப் பாலை ஏழு நிமிடம் கொதிக்கவைக்கத் தேவையில்லை, கடைசியில் சேர்த்தாலே நடக்கும். பல ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒத்துக்கொண்ட வழி: தண்ணீர் கொதித்ததும் தூளைப் போட்டு அரை நிமிடம் கொதிக்கவிட வேண்டும், அணைத்து இரண்டு நிமிடம் மூட வேண்டும், வடித்துச் சூடான பாலைச் சேர்க்க வேண்டும். நிறைகொழுப்புப் பாலைவிட 3 சதவீதக் கொழுப்புள்ள சமன்படுத்திய பால் எனக்குப் பிடிக்கிறது. 6 சதவீதப் பாலில் டீ தன் குரலை இழந்துவிடுகிறது. அம்மா இதை மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

இஞ்சி விஷயத்தில் ஜெயித்தது அம்மா. இஞ்சியை நசுக்கித் தண்ணீரிலேயே நாலைந்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும், பிறகுதான் தூள். பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கிற நொதி ஒன்று இருக்கிறது; வேகாத இஞ்சியை வெதுவெதுப்பான பாலில் போட்டால் திரிந்துவிடும். கொதியில் அந்த நொதி செயலிழந்துவிடும். ஏலக்காய் இதற்கு நேரெதிர். முதலில் போட்டால் அடுப்படி மணக்கும், டீ மணக்காது. மூடிவைக்கும்போது தட்டிப் போட்டால் போதும். கருப்பட்டியோ வெல்லமோ சேர்க்கிறவர்கள் அடுப்பை அணைத்த பிறகு சேர்ப்பதே நல்லது. கொதிக்கிற பாலில் திரிகிற ஆபத்து அதற்கும் உண்டு.

தண்ணீரைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. ஊட்டிக்குப் போய்வந்தவர்கள், அங்கே குடித்த டீ அவ்வளவு நன்றாக இருந்தது, அதே தூளை வாங்கிவந்து வீட்டில் போட்டால் வரவில்லை, கடைக்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டான் என்பார்கள். மாற்றியிருக்கத் தேவையில்லை. ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலைத்தண்ணீரில் உப்பும் குறைவு. அந்த இலை அந்தத் தண்ணீரில், அந்தச் சூட்டில் கொடுத்த சாயம் மதுரையின் ஆழ்துளைத் தண்ணீரில், 100 டிகிரியில் அப்படியே வராது. கடினநீரில் உள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலைச் சாரத்தோடு சேர்ந்து மேலே ஒரு மங்கலான ஆடையைக் கட்டும். நிறம் கருக்கும், பிரகாசம் போய்விடும். சென்னையில் போர் தண்ணீரிலும் கேன் தண்ணீரிலும் ஒரே தூளைப் போட்டு இரண்டு கண்ணாடி கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சிறுவாணித் தண்ணீர் வருகிற கோயம்புத்தூர்க்காரர்கள் தங்கள் ஊர் டீ, காபியைப் பற்றிப் பெருமை பேசுவதை வெறும் ஊர்ப்பாசம் என்று நான் நினைப்பதில்லை. நல்ல தூளுக்கு நூறு ரூபாய் கூடக் கொடுப்பதற்கு முன்னால் தண்ணீரை மாற்றிப் பார்ப்பது மேல். ஏற்கெனவே ஒருமுறை கொதித்து ஆறிய தண்ணீரை விட்டுவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

டீ பற்றி எழுதியவர்களில் உலகம் அடிக்கடி நினைக்கிறவர் ஜார்ஜ் ஆர்வெல். பீகாரின் மோதிஹாரியில் 1903இல் பிறந்தவர். 1946 ஜனவரியில் லண்டனின் ஈவினிங் ஸ்டாண்டர்ட் பத்திரிகையில் நல்ல டீக்குப் பதினொரு விதிகள் எழுதினார். பிரிட்டனில் டீக்கு ரேஷன் இருந்த காலம் அது. ஒவ்வொரு கரண்டித் தூளும் எண்ணிப் போடப்பட்டது. இந்திய அல்லது இலங்கைத் தேயிலை, சூடாக்கிய டீப்பானை, இலையில் விழும் நொடியிலும் தண்ணீர் கொதிநிலையில் இருப்பது, திடமான சாயம், பால் கடைசியில், சர்க்கரை கூடாது. கொதிநீர் விதியும் திட விதியும் நம் மாஸ்டர்களுக்கும் உடன்பாடானவை. பால் முதலிலா கடைசியிலா என்பது அங்கே பெரிய சண்டை. காய்ச்சிய பால் ஊற்றுகிற நமக்கு அதில் பெரிய வேறுபாடு இல்லை. அவர் குடித்தது இலைத் தேயிலை, சேர்த்தது காய்ச்சாத பால் என்பதை மறந்துவிட்டு அவருடைய விதிகளை டஸ்டுக்கும் பாக்கெட் பாலுக்கும் பொருத்துவதில்தான் பிழை நேர்கிறது. இலைக்குக் கெட்டில், பொடிக்குத் துணிப்பை. நல்ல ஆர்தோடாக்ஸ் இலையை வாங்கிவந்து பாலில் கொதிக்கவிடுகிற வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது. அந்தப் பணத்துக்கு மூன்று மடங்கு டஸ்ட் வாங்கி அருமையான பால் டீ குடித்திருக்கலாம்.

சர்க்கரை விஷயத்தில் ஆர்வெல் பக்கம்தான் நான், அவர் அளவுக்குக் கண்டிப்பாக அல்ல. கடை டீ ஒன்றில் இரண்டு கரண்டி என்றால் 8 முதல் 10 கிராம். நாளைக்கு நாலு டீ குடிக்கிறவருக்கு டீயிலேயே 40 கிராம் வரை ஆகிவிடுகிறது. 2000 கலோரி சாப்பிடுகிறவர் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25க்குள் இருந்தால் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. உடம்பு ஒரு பக்கம் இருக்கட்டும். சர்க்கரை டீயின் குறைகளுக்குத் திரை. பழைய டிகாஷன் இத்தனை வருஷமாகச் செல்லுபடியாகி வந்ததே இரண்டு கரண்டிச் சர்க்கரையால்தான். அதைப் பாதியாகக் குறைத்துக் கேட்டுப் பாருங்கள். எந்தக் கடை எந்த நேரத்தில் எப்படிப் போடுகிறது என்பது ஒரே மடக்கில் தெரிந்துவிடும். யாழ்ப்பாணத்தில் வெறும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு பனங்கட்டியைத் தனியாகக் கடிக்கிற பழக்கம் உண்டு. இனிப்பு வாயில், சாயம் கோப்பையில். அங்கே சாயம் தன் குறையை ஒளிக்க முடியாது. டீ போடுகிறவரை நேர்மையாக வைத்திருக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

செயற்கைச் சாயம் ஏற்றிய தூளும் நிறத்தை நம்புகிறவரை ஏமாற்றும். நனைத்த வடிதாளில் கொஞ்சம் தூளைத் தூவினால், கலப்படச் சாயம் உடனே திட்டுத் திட்டாகக் கசியும். சுத்தமான தூள் அப்படிக் கசியாது. குளிர்ந்த தண்ணீரில் போட்டதுமே சிவந்து ஓடுகிற தூளையும் நான் வாங்குவதில்லை. நல்ல தூளுக்கு நிறம் இறங்கச் சூடு வேண்டும்.

எப்போது குடிப்பது என்பதும் டீ போடும் கலையில் ஒரு பகுதிதான். சாப்பாட்டோடும் சாப்பிட்ட கையோடும் குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைத் தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் தடுக்கின்றன. 2024இல் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், உணவுக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் டீ, காபியைத் தவிர்க்கச் சொல்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. இட்லி சாப்பிட்டுவிட்டு நின்றபடியே டீ குடித்து வேலைக்கு ஓடும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த எண்ணிக்கை ஞாபகம் வருகிறது. அம்மா இப்போது காலை டீயைப் பத்தரைக்கு மாற்றியிருக்கிறார்.

பார்சல் டீ ஒரு தனி வருத்தம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் பூசிய தேநீர்க் கோப்பைகளும் அதில் அடக்கம். ஆனாலும் கொதிக்கிற டீயை மெல்லிய கவரில் ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டுத் தருகிற கடைகள் இருக்கின்றன. ஆபீஸுக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த டீயில் கவரின் வாடை ஏறிவிடும். ஒரு தூக்குவாளியோ பிளாஸ்கோ கொண்டுபோனால் தீரும் சங்கதி.

சின்னப் பை யோசனையைச் சொல்லி இரண்டு மாதம் ஆயிற்று. மாஸ்டர் மறுக்கவில்லை, பழைய வேட்டியில் வெட்டித் தன் சம்சாரத்திடம் கொடுத்துத் தைத்து வாங்கிவந்தார். முதல் வாரம் லைட்டாக இருக்கிறது என்று மூன்று நாலு பேர் முகம் சுளித்தார்கள். தூளைக் கொஞ்சம் கூட்டினார், அந்தப் பேச்சு குறைந்தது. தினமும் நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். நேற்று நல்ல மழை. ஐந்து மணிக்கு இரண்டு பஸ் கூட்டம் கடைக்குள் ஒதுங்கியிருந்தது. சின்னப் பை ஆணியில் காய்ந்து தொங்கியது, செம்புக்குள் பெரிய பை ஊறிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. தலைகளுக்கு மேலே என்னைப் பார்த்து அவராகவே சொன்னார்:

"அஞ்சு நிமிஷம் நில்லுங்க சார். இந்தக் கூட்டம் போகட்டும், பையை மாத்துறேன்."

மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.